பெண்டிரைவில் ஒளிந்த நாலு குரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். கணக்கை இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினேன். எங்கள் தெருவில் மட்டும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள் எட்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது, வீட்டுக் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸைக் கையால் எடுத்த கதையை நான் எழுதுவது, டாக்டர்கள் குடியிருக்கும் தெருவில் கஷாயக் கடை போடுவது மாதிரி. தெரிந்தவர்கள் படித்தால் பல இடங்களில் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் இதில் கம்ப்யூட்டர் பாதிதான். மீதிப் பாதி என் மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மூன்று தெரு உள்ளே. சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. வருகிற சரக்கைச் சரிபார்த்து வாங்கி, ரேக்கில் அடுக்கி, கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை, அதனால்தான் இருபத்தாறு வருஷமாக அதிலேயே இருக்கிறீர்கள் என்பாள் என் மனைவி. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். கூட்டமாகப் பாடும்போது மட்டும் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால் எங்கள் சர்ச் சபையின் பாடற்குழுவான கொயரில், பேஸ் வரிசையில், கடைசி பெஞ்சில் நிற்கிறேன். பேஸ் என்றால் நாலு குரலில் அடிக்குரல். அது இல்லாவிட்டால் பாட்டு ஆடும். இருக்கும்போது யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். எனக்குத் தோதான இடம்.

பாடுவதைத் தவிர கொயருக்கு நான் செய்கிற இன்னொரு வேலை, பாட்டு ஷீட் அடித்துக் கொடுப்பது. மகள் படிப்பதற்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அது என் பொறுப்பில் வந்தது. தமிழ் டைப்பிங்கை நானாகவே கற்றுக்கொண்டேன், இரண்டு விரலால்.

எங்கள் கொயரில் சொல்ஃபா என்கிற ஸ்வரக் குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் கேட்டுத்தான் படிப்போம். அதற்காக டீச்சர் அக்கா ஒவ்வொரு பாட்டையும் நாலு தடவை பாடித் தன் போனில் பதிவு செய்வார். பெண்களின் மேல்குரலான சொப்ரானோ ஒரு தடவை, கீழ்க்குரலான ஆல்ட்டோ ஒரு தடவை, ஆண்களின் மேல்குரலான டெனர், பேஸ் என்று தனித்தனியாக. அவர் பீர்க்கன்கரணையில் இருக்கிறார். ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கொயரில் எல்லோருக்கும் டீச்சர், எனக்கு மட்டும் அக்கா. பேஸ் குரலை அவர் பாடுவதைக் கேட்டால் தொண்டை கட்டிய புறா மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்தி, "இந்த இடத்துல பேஸ்காரங்க எல்லாரும் ஓடுவீங்க. ஓடாதீங்க, பஸ்ஸு இன்னும் வரல" என்பார். நாங்கள் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவோம்.

இந்தப் பதிவுகளை ஏன் பெண்டிரைவில் கொடுக்க வேண்டும், போனில் குரூப்பில் போட்டால் ஒரு நிமிஷ வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வருஷம் முன்பு குரூப்பில்தான் போட்டோம். டீச்சர் அக்கா கிறிஸ்துமஸ் கேரலுக்காகப் புதிதாக நாலு குரல் கட்டிய பாட்டு அது. டிசம்பர் இரண்டாம் வாரம் பக்கத்துச் சபையின் கேரல் ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தால், அவர்கள் அதையே பாடுகிறார்கள், எங்களைவிட நன்றாக. எங்கள் குரூப்பில் யாரோ தன் அத்தை மகளுக்கு அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து கொயர் மாஸ்டர் சட்டம் போட்டுவிட்டார். கேரல் பாட்டு குரூப்புக்குப் போகக் கூடாது, பெண்டிரைவில் கைமாறும், ஒரு வீட்டுக்கு மூன்று நாள், அப்புறம் அடுத்த வீடு. கம்ப்யூட்டர் உள்ள வீடு ஒன்பது. இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இந்த முறை, செப்டம்பரில் சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகை முடிந்த இரண்டு வாரத்தில் டீச்சர் அக்கா தன் போனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஜூலையிலிருந்து ஸ்கூல் முடிந்து வந்து பாடிப் பாடிச் சேர்த்த பதினோரு பாட்டு, நாற்பத்து நாலு பதிவு. ஒரு புது பெண்டிரைவும் வாங்கி வந்திருந்தார்.

"தம்பி, போன்ல இடமே இல்ல. போட்டோ எடுக்கப் போனா இடமில்லைங்குது. நீ காப்பி பண்ணாத, வெட்டி எடுத்து இதுல ஒட்டிடு" என்றார்.

பாட்டுக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டு அப்படியே செய்தேன். அந்தப் பதினோரு ஃபோல்டரையும் பெண்டிரைவிலிருந்து இழுத்து என் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொண்டேன். ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு தெரிந்தது. புதுப் பெண்டிரைவ், புது மாதிரி போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்கா காபி குடித்துவிட்டு, பெண்டிரைவை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துப் பாட்டைக் கேட்கலாம் என்று திறந்தபோது திறக்கவில்லை. என் கம்ப்யூட்டர்தான் கிழடு, அதற்கு என்னவோ ஆகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பாடிக் கொடுத்தவரிடம் போய் "திறக்கவில்லை" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இதே கூச்சம் மற்ற எட்டு வீட்டிலும் இருந்திருக்கிறது. அது எனக்கு நவம்பரில், முதல் பயிற்சியில்தான் தெரிந்தது.

கொயர் மாஸ்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சார் என்போம். அவர் கை தூக்கி, "ஆல்ட்டோ மட்டும்" என்றார். ஆறு பெண்கள் வாயைத் திறந்தார்கள். ஆறு பாட்டு வந்தது.

"என்னம்மா இது, சந்தைக்கடை மாதிரி? பெண்டிரைவ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்."

"காப்பி பண்ணீங்களா?"

"பண்ணோம் சார்."

"கேட்டீங்களா?"

ஆறு பேரும் ஷீட்டைக் குனிந்து பார்த்தார்கள். "சரி, டெனர்" என்றார். டெனர் இன்னும் மோசம். பேஸ் வரிசையில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் அக்கா சொல்ஃபா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை மாதம் பாடி வைத்ததை ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்.

அடுத்த சனிக்கிழமை விஷயம் வெளியே வந்தது. பெருங்களத்தூர் அபார்ட்மெண்டில் இருக்கும் டெனர்காரர் ஒருவர் எழுந்து, "சார், ஒண்ணு சொல்லணும். பாட்டு திறக்கலைன்னு அந்தப் பெண்டிரைவை மறுபடி வாங்கி என் மச்சான் லேப்டாப்ல போட்டேன். போட்ட உடனே ஆன்ட்டிவைரஸ் கத்துது. உள்ள வைரஸ் இருக்கு" என்று அதை டீச்சர் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

உடனே ஆளாளுக்கு எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் என்று ஆரம்பித்தார்கள். எல்லோர் கம்ப்யூட்டரிலும் பாட்டின் பெயர் இருந்திருக்கிறது, பாட்டு இல்லை. பெண்டிரைவ் சொருகியிருக்கும்வரை பாடியிருக்கிறது. அதை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்ததும் நின்றுவிட்டது. அவரவரும் தன் கம்ப்யூட்டர்தான் கெட்டது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். இப்போது மூடிய வாய் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது.

"என் பையனோட ப்ராஜெக்ட் இருந்த பெண்டிரைவும் போச்சு டீச்சர். அதுவும் இதே மாதிரி ஆயிடுச்சு" என்றார் சொப்ரானோவில் ஒரு அம்மா.

"ஸ்கூல் கம்ப்யூட்டர்ல போட்டிருப்பீங்க. அங்க நூறு பேர் சொருகுவாங்க" என்றார் இன்னொருவர்.

"நான் ஸ்கூல்ல போடவே இல்லம்மா" என்றார் டீச்சர் அக்கா.

"பின்ன எப்படி டீச்சர், தானாவா வந்துச்சு?"

சார் கையைத் தட்டி அமைதியாக்கினார். "சரி, விடுங்க. இனிமே புதுசா படிக்க நேரமில்ல. போன வருஷப் பாட்டையே பாடிடலாம். டீச்சர், அந்தப் பெண்டிரைவைக் குப்பையில போட்டுடுங்க. இனிமே யார் வீட்டுலயும் சொருக வேணாம்."

டீச்சர் அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "அப்ப இந்த வருஷம் நான் வரல சார். நீங்க பாடிக்குங்க" என்றார். குரல் உயரவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆல்ட்டோ வரிசையில் நின்றவர், கண்ட இடத்தில் சொருகி எல்லோர் வீட்டையும் கெடுத்தவர் என்ற பெயரோடு எழுந்து வெளியே போனார். போகும்போது யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, ஆனால் பின்னாலேயே போனேன். வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதை எங்கிட்டக் குடுங்க."

"குப்பையில போடச் சொன்னாரே தம்பி."

"நான் போட்டுடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ போட மாட்ட" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து பெருங்களத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் சொருகிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பேஜார் புடிச்ச வைரஸாச்சே. ஃபார்மேட் அடிச்சா க்ளீனா பூடும்."

"உள்ள பாட்டு இருக்குங்க."

"உள்ள ஒண்ணியும் இல்ல சார். பாரு, எல்லாம் வெறும் ஷார்ட்கட்டு. அம்புக்குறி போட்டுகினு கீது பார். பேரு மட்டும்தான், சரக்கு இல்ல."

ஆனால் அவர் திரையில் நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். பெண்டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று ஒரு நீலக் கோடு காட்டும் அல்லவா, அது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஸ்டோர்ஸில் எனக்குத் தெரிந்த ஒரே பாடம், காலிப் பெட்டி எடை காட்டாது. பெட்டி காலி என்று யார் சொன்னாலும் தராசில் வைத்துப் பார்ப்பேன். பாட்டு உள்ளேதான் இருக்கிறது, எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைக்காரரிடம் அதைச் சொல்லி வாதாட எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் வரேங்க" என்று பெண்டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை கனமழை, கம்பெனிக்கு லீவு விட்டார்கள். காலையில் கரண்ட் இல்லை. பதினொரு மணிக்கு வந்தது. போனில் ஒரு தமிழ் வீடியோவைப் பிடித்தேன். யாரோ ஒருவர் முகம் காட்டாமல், மூக்கடைத்த குரலில், இந்த மாதிரி வைரஸை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. முகம் காட்டாதவரிடம் கற்றுக்கொள்வது எனக்கு எப்போதும் சுலபம்.

அவர் சொன்னபடி கறுப்புத் திரையைத் திறந்து, மறைந்திருப்பதை வெளியே காட்டு என்று ஒரு வரிக் கட்டளை அடித்தேன். நடுவில் எங்கே இடைவெளி விட வேண்டும் என்று தெரியாமல் மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவை, பெண்டிரைவில் பதினோரு ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. மூலையில் அம்பு இல்லை. அம்பு போட்ட போலிகளை எல்லாம் அழித்தேன். சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றாள். பெண்டிரைவைப் பிடுங்கி, ஒரு தைரியத்துக்காக மறுபடி சொருகினேன். பதினோரு அம்பும் திரும்ப வந்துவிட்டன. ஃபோல்டர்கள் காணவில்லை.

"இப்பத்தானே இருந்துச்சு" என்றாள் மனைவி.

இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது. அப்புறம்தான் புரிந்தது. நான் பெண்டிரைவைத் துடைக்கிறேன், அழுக்கு சொருகுகிற இடத்தில் இருக்கிறது. என் கம்ப்யூட்டரிலேயே அது உட்கார்ந்துகொண்டு, எது வந்து சொருகினாலும் பிடித்துக்கொள்கிறது. வீடியோக்காரர் அதை முதலிலேயே சொல்லியிருந்தார். நான்தான் அவசரத்தில் அந்தப் பகுதியைத் தாண்டி ஓட்டிவிட்டேன். முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பெண்டிரைவ்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகவே ஓட ஆரம்பிக்கிற சமாசாரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்தால் பதினாலு பெயர். எது வீட்டுக்காரன், எது திருடன் என்று எனக்கு எப்படித் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஸ்டோர்ஸில் சரக்கு சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போனில் தேடி, இது இன்னதற்கு என்று தெரிந்தால் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று சவுண்டுக்கு, ஒன்று மகள் காலத்தில் போட்ட ஏதோ அகராதிக்கு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"எங்கிட்ட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல நீங்க. அதையாவது நல்லா விசாரிங்க" என்றாள்.

பதிமூன்றுக்கு டிக் விழுந்தது. ஒன்று மட்டும் மிஞ்சியது. பெயரே இல்லை, பூனை கீபோர்டில் நடந்த மாதிரி எழுத்துகள். அது எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்தால், என் பெயரில் இருக்கிற ஃபோல்டருக்குள், மறைத்து வைத்த இன்னொரு ஃபோல்டரில், ஒரே ஒரு சின்ன ஃபைல். அழிக்கப் போனால், பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. நிறுத்திப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் திரும்ப எழுந்தது. வீடியோக்காரர் இதற்கும் வழி சொல்லியிருந்தார். சேஃப் மோட் என்று ஒன்று, அதில் கம்ப்யூட்டர் தனக்கு அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும், கூட ஒட்டிக்கொண்டு வருவது எதுவும் எழாது. அப்படி எழுப்பி, அந்த ஃபைல் அசையாமல் கிடக்கும்போது போய்ப் பார்த்தேன்.

அழிப்பதற்கு முன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று அதன் விவரத்தைத் திறந்தேன். எந்தச் சரக்கையும் எழுதாமல் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. பெயர் எழுதினேன், இருந்த இடம் எழுதினேன், உருவான நாள் எழுதினேன். எழுதிய பிறகுதான் அந்த நாளை வாசித்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை.

அன்றைக்கு என்ன செய்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. பண்டிகைக்குப் பாட்டு ஷீட் அடிக்க வேண்டும். தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு சைட்டில் இருந்து வளைந்த தமிழ் எழுத்து ஃபான்ட் ஒன்றை இலவசமாக இறக்கினேன். இறக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்தது, படிக்காமல் சரி என்று அழுத்தினேன். அந்த ஷீட் இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் தேதியையும் பார்த்தேன். அதே சனிக்கிழமை, இந்த ஃபைல் வந்து நாற்பது நிமிஷம் கழித்துச் சேமித்தது. டீச்சர் அக்கா பெண்டிரைவோடு எங்கள் வீட்டுப் படி ஏறியது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அவர் கொண்டுவந்தது புத்தம் புதியது, அட்டையை நானே பிரித்தேன்.

பிறகு நான் செய்தது எல்லாம் கை தானாகச் செய்தது. ஃபைலை அழித்தேன். அதைத் தினமும் எழுப்பிவிடுகிற ஒரு வரி இன்னொரு இடத்தில் இருந்தது, அதையும் கண்டுபிடித்து நீக்கினேன். அந்த இடத்தில் தப்பான வரியை நீக்கினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் நாலு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். சாதாரணமாக எழுப்பி, பெண்டிரைவைத் துடைத்து, பிடுங்கி, சொருகி, மறுபடி பிடுங்கிச் சொருகினேன். ஃபோல்டர்கள் அப்படியே நின்றன. ஒன்றைத் திறந்து ஓடவிட்டேன். டீச்சர் அக்காவின் டெனர் குரல் வந்தது. பின்னால் குக்கர் விசில், அவர் பாடுவதை நிறுத்தி, "ஒரு நிமிஷம்" என்று போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதே இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, "என்ன?" என்றாள். சொன்னேன்.

"அப்ப போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, வியாழனும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு அறிவிப்பு அடித்தேன். "வைரஸ் டீச்சருடைய பெண்டிரைவால் வரவில்லை. இரும்புலியூரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரால் வந்தது. பாட்டுகள் மீட்கப்பட்டன" என்று. இருபது பிரதி எடுத்து, பயிற்சியில் ஷீட்டோடு வைத்துக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தாள்.

"இரும்புலியூர்ல ஒரு வீடா? எத்தனை வீடு கொயர்ல இருக்கு இரும்புலியூர்ல?"

"ரெண்டு."

"இன்னொரு வீட்டுக்காரங்க பாவம் என்ன பண்ணாங்க?"

பேரைச் சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

"பேரு போட்டாலும் காகிதம்தானே. டீச்சர் காகிதத்துலயா பேச்சு வாங்கினாங்க? எல்லார் முன்னாலயும் நின்னு வாங்கினாங்க." அவ்வளவு சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரி ஓரத் தெருவில் தண்ணீர் நின்றது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். டீச்சர் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பெண்டிரைவை மேஜையில் வைத்து, "எல்லாம் இருக்குக்கா, நாற்பத்து நாலும்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அது மலர்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்து, "என் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வந்துச்சு. உங்களோடது இல்ல" என்றேன்.

சிவப்புப் பேனாவை மூடினார். "எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு சனி."

"ஆமாக்கா."

"ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்துடுச்சு தம்பி. சபைக்கு வர்ற டீச்சர் ஒருத்தங்க, என்ன டீச்சர், சர்ச்சுக்கே வைரஸ் குடுத்தீங்களாமேன்னு கேக்கறாங்க. விளையாட்டாத்தான் கேட்டாங்க. மூணு நாளா நான் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். உங்கிட்ட என் நம்பர் இல்லையா?"

இருக்கிறது என்றேன்.

"எங்கிட்டச் சொல்றது சுலபம். இங்க நீயும் நானும்தான்." அவ்வளவுதான் சொன்னார். காபி தரவில்லை. சாயந்திரம் வருவீர்களா என்று கேட்க வந்தேன், கேட்காமல் எழுந்தேன். கோபமாக இருந்தார், அது நியாயம். பாட்டு திரும்பக் கிடைத்ததால் அந்த மூன்று நாள் திரும்பக் கிடைத்துவிடாது.

சாயந்திரம் ஐந்து மணிக்குப் பயிற்சி. அவர் வரவில்லை. சார் போன வருஷ ஷீட்டைப் பிரிக்கச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். பேஸ் வரிசையில் யாராவது எழுந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம், அதனால் யாரும் பார்க்கவில்லை. "சார்" என்றேன். கேட்கவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"வைரஸ் என் வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துச்சு. டீச்சர் பெண்டிரைவ் புதுசு. முதல்ல எங்கிட்டத்தான் சொருகினாங்க. அதுக்கு முன்னாடியே என்னுதுல இருந்திருக்கு, தேதி எழுதி வச்சிருக்கேன். நான் ஒரு எழுத்து இறக்கினேன், அதுல வந்துச்சு. புதன்கிழமையே எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் சொல்றேன்."

காது கொதித்தது.

"அண்ணா, நீங்களா?" என்றார் பெருங்களத்தூர் டெனர்காரர். "நீங்க பேசியே நான் கேட்டதில்ல. பேசினதும் இப்படியா."

சிரித்தார்கள். ப்ராஜெக்ட் போன பையனுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப டீச்சரை நாங்க சொன்னதெல்லாம்?" என்றார், யாரையும் பார்க்காமல். சார் ஷீட்டை மூடி வைத்தார். பிறகு போனை எடுத்து, எல்லோரும் இருக்கும்போதே டீச்சர் அக்காவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நான்தான். இங்க எல்லாரும் இருக்காங்க. நாங்க தப்பாப் பேசிட்டோம். நான்தான் முதல்ல... ஆமா. ஆமா, சொன்னாரு. எழுந்து நின்னு சொன்னாரு." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "சரி டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வருஷப் பாட்டையே பாடலாம், உங்களுக்கு மனசிருந்தா" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்தது எழுந்தாயிற்று, உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டேன். அந்தப் பெண்டிரைவ் போன வீட்டில் எல்லாம் இப்போது வைரஸ் இருக்கலாம், என்னுடையதை மட்டும் எடுத்துப் பிரயோஜனம் இல்லை, நாளை யாராவது ஒருவர் இன்னொருவருக்கு எதையாவது கொடுத்தால் மறுபடி எல்லோருக்கும் வரும் என்றேன். மீதி எட்டு வீட்டுக்கும் நானே வந்து எடுத்துத் தருகிறேன், எந்த வீட்டுக்கு என்றைக்கு வரலாம் என்று சொல்லுங்கள் என்று நோட்டைப் பிரித்தேன்.

"ஃபார்மேட் பண்ணிடுவீங்களா அண்ணா?" என்று ஒருவர் பயந்து கேட்டார்.

"மாட்டேன். கையாலதான் எடுப்பேன்."

எட்டுப் பேரும் நாள் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். எட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேலை செய்வதை நினைத்தால், எழுந்து நின்று பேசியதே தேவலை என்று இருந்தது. பிறகு போன வருஷப் பாட்டையே ஒரு மணி நேரம் பாடிவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் அக்கா ஆராதனைக்கு வந்து ஆல்ட்டோ வரிசையில் உட்கார்ந்தார், மடியில் அந்தச் சொல்ஃபா நோட்டு. என்னிடம் பேசவில்லை. மத்தியானம் பெருங்களத்தூரில் இரண்டு வீட்டில் வைரஸை எடுத்தேன், மூன்றாவது வீடு பூட்டியிருந்தது.